மறுபடியும் கூப்பிடுகிறவர்



சென்ற இதழில் நுரையீரல் பற்றிய கட்டுரை வந்த பிறகு நம் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. "புகை கெடுதல் என்று எங்களுக்குத் தெரியாதா? விடுவது எப்படி, அதைச் சொல்லுங்கள்" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. இந்தச் செயலி நல்லதா, அந்தத் திட்டத்துக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

நாமக்கல் பக்கமிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். அப்பா லாரி ஓட்டுநர். 'உங்களுக்கென்றே தயாரித்த திட்டம்' என்ற விளம்பரத்தை நம்பி, அப்பாவின் போனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்திருக்கிறார். பெயர், வயது, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், எத்தனை வருடமாக என்று அது வரிசையாகக் கேட்டிருக்கிறது. மறுநாள் விடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அப்பாவின் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம். சிகரெட் நினைப்பு வந்தால் பக்கத்துப் பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரும்படி யோசனை. அவரோ அந்த நேரம் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் கண்ணெரிச்சலோடு நின்றுகொண்டிருந்தார். மகளைப் போனில் அழைத்து, "பேரு மட்டும்தாம்மா நம்மளுது, மத்ததெல்லாம் வேற யாருக்கோ எழுதுனது" என்று சிரித்தாராம்.

அந்த மாணவிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆளுக்கு ஏற்றபடி அமைத்த திட்டங்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா, பொதுவான அறிவுரையைவிட எவ்வளவு கூடுதலாகச் செய்கின்றன என்று உலகின் பல பக்கங்களில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவற்றைப் படிக்கப் படிக்க, பதில் ஒருவருக்கு மட்டும் எழுத வேண்டியதல்ல என்று பட்டது. அதனால் இந்த மாதப் பக்கம் இதற்கே.

முதலில் அளவுகோலைச் சரிசெய்துகொள்வோம். எந்த உதவியும் இல்லாமல், மன உறுதியை மட்டும் நம்பி ஒரு நாள் குறித்து விடுகிறவர்களில், ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். இது மனிதர்களின் பலவீனம் அல்ல, நிகோடினின் பலம். இந்தியாவில் 2016-17இல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்பவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மேல் முந்தைய 12 மாதங்களுக்குள் விடுவதற்கு ஒருமுறையாவது முயன்றவர்கள். ஆகவே ஆசை இல்லை, முயற்சி இல்லை என்று யாரையும் பழிக்க முடியாது. நூற்றுக்கு 4 பேர் விடுகிற இடத்தில் 8 பேர் விட்டால் அது பெரிய வெற்றி. 'நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விட்டுவிட்டார்கள்' என்று ஒரு விளம்பரம் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மாதம் கழித்துக் கணக்கெடுத்தீர்கள்? அவர்கள் வாய்வார்த்தையை நம்பினீர்களா, சோதித்தீர்களா? நல்ல ஆய்வுகளில் உமிழ்நீரில் நிகோடினின் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அல்லது ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளப்பார்கள்.

ஆளுக்கு ஏற்ற அறிவுரை என்ற எண்ணம் செயலிகளுக்கு முன்பே வந்தது. 1983இல் புரோச்சாஸ்கா, டிக்ளெமெண்டி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், பழக்கத்தை விடுகிறவர்கள் பல படிகளைக் கடக்கிறார்கள் என்று எழுதினார்கள். யோசிக்காதவர், யோசிப்பவர், விட்டவர், விட்டதைக் காப்பாற்றுகிறவர் என்று வரிசை. கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேள்வித்தாள் வைத்துக் கண்டுபிடித்து, அதற்குத் தக்க கடிதத்தைக் கணினியில் அச்சிட்டு அனுப்பும் திட்டங்கள் பெருகின.

சோதித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. படிக்குப் படி மாற்றி எழுதிய கையேடு, எல்லோருக்கும் ஒரேமாதிரி எழுதிய கையேட்டைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பு இதை இன்னும் கூர்மையாகச் சொன்னது. எதுவுமே தராமல் இருப்பதைவிட, ஒருவருடைய விவரங்களை வாங்கி அவருக்கென அமைத்த கையேடு நல்லது. ஆனால் அப்படிப்பட்ட திட்டங்களில் அடிக்கடி கேள்வி கேட்டு, அடிக்கடி தபால் போடுவார்கள். அதே அளவு தபாலைப் பொதுவான வாசகங்களோடு மற்றவர்களுக்கும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் காணாமல் போகிறது. பிரிட்டனில் இணையம் வழியாக நடந்த ஓர் ஆய்விலும் இதே கதைதான். ஒரு பாதிப் பேருக்கு அவரவர் பதில்களை வைத்து எழுதிய அறிக்கை, மறு பாதிக்குப் பொதுவான அறிக்கை. இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேர்தான் விட்டார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அப்படியானால் வேலை செய்தது கடிதத்துக்குள் இருந்த வாசகமா, மறுபடி மறுபடி வந்த கடிதமா? 'எப்படி இருக்கீங்க, எத்தனை நாள் ஆச்சு?' என்று ஒருவர் திரும்பத் திரும்ப விசாரிப்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 'ஆளுக்கு ஏற்றது' என்பதை அதோடு தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. சில இடங்களில் அது வென்றிருக்கிறது. எங்கே, ஏன் என்று பார்ப்பதுதான் ருசியான பகுதி.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விக்டர் ஸ்ட்ரெச்சர் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் 1,866 பேர். எல்லோருக்கும் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை இலவசம். இணைய வழி அறிவுரையைத்தான் பல துண்டுகளாக உடைத்து, எந்தத் துண்டு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். விடுவதால் வரும் நன்மைகளை ஆளுக்கு ஏற்றபடி சொல்வது ஒரு துண்டு, தடைகளைச் சமாளிக்கச் சொல்லித் தருவது ஒன்று, புகையை விட்ட ஒருவரின் கதை இன்னொன்று. அந்தக் கதை எழுதி வைத்த கற்பனைதான். ஆனால் படிப்பவரின் வயது, குடும்பம், வாழ்க்கை நிலை ஆகியவற்றுக்குப் பொருந்தும்படி மாற்றி எழுதினார்கள். பலன் கூடியது முக்கியமாக இரண்டு இடங்களில்: கதை தன் கதைபோலவே இருந்தபோது, அறிவுரை முகம் தெரியாத நிறுவனத்திடமிருந்து வராமல் ஒரு மனிதர் பேசுவதுபோல வந்தபோது.

லண்டன் ஆய்வாளர் கரோலின் ஃப்ரீ தலைமையில் 5,800 பேரிடம் குறுஞ்செய்தித் திட்டம் ஒன்றைச் சோதித்து 2011இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். முதல் ஐந்து வாரம் தினம் ஐந்து செய்தி. அதன் பிறகு ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று. அவரவர் கவலைக்கு ஏற்பச் செய்திகள் மாறும். எடை போட்டுவிடுமோ என்று பயப்படுகிறவருக்கு அதைப் பற்றி, வீட்டில் குழந்தை இருப்பவருக்கு அதைப் பற்றி. எனக்குப் பிடித்த அம்சம் இன்னொன்று. கை அரிக்கும்போது 'ஆசை வந்துவிட்டது' என்ற பொருளில் ஒரே ஒரு சொல்லை அனுப்பினால் போதும். உடனே பதில் வரும்: இந்த வேகம் ஐந்து நிமிடம்கூட இருக்காது, அதுவரை ஏதாவது ஒரு பானத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டிருங்கள் என்று. தவறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் அதற்கும் ஒரு சொல் உண்டு. அதற்கும் திட்டாத பதில் உண்டு. ஆறு மாத முடிவில் உமிழ்நீர்ச் சோதனையோடு கணக்கெடுத்தபோது, இந்தச் செய்திகள் பெற்றவர்களில் நூற்றுக்கு 10.7 பேர் விட்டிருந்தார்கள். புகையோடு சம்பந்தமில்லாத செய்தி பெற்றவர்களில் 4.9 பேர். இரு மடங்குக்கு மேல்.

மொழி என்று வரும்போது கலிபோர்னியாவைப் பார்க்கலாம். அங்கே சீனம், கொரியம், வியத்நாமியம் பேசுகிறவர்களுக்கு அவரவர் மொழியில் தொலைபேசி ஆலோசனை கொடுத்துச் சோதித்தார்கள். 2012இல் வெளியான முடிவு: தாய்மொழியில் கையேடு மட்டும் பெற்றவர்களில் ஆறு மாதம் புகைக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர், கையேட்டோடு தாய்மொழி பேசும் ஆலோசகரும் கிடைத்தவர்களில் 16.4 பேர். புத்தகத்தை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, அந்த மொழியில் பேச ஆள் வேண்டும் என்பதுதான் சாரம்.

நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தில், சர்க்கரை நோயாளிகள் 224 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. எல்லோருக்கும் மருத்துவர் 'விட்டுவிடுங்கள்' என்றார். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கும் கையேடும் தந்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக, மருத்துவர் அல்லாத ஒரு சுகாதாரப் பணியாளர் தனியாக உட்கார்ந்து பேசினார், பிறகும் தொடர்ந்து விசாரித்தார். ஆறு மாதம் கழித்து, இந்தக் கூடுதல் பேச்சு இல்லாத பாதியில் 12.5 சதவீதம் பேரும் அது கிடைத்த பாதியில் 51.8 சதவீதம் பேரும் விட்டதாகச் சொன்னார்கள். வாய்வார்த்தைக் கணக்குதான், ஆய்வும் சிறியதுதான். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. கால் மரத்துப்போகுமோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கிறவரிடம், அந்தக் காலைப் பற்றியே பேசினால் காது கொடுப்பார். பொதுவாகப் புற்றுநோய்ப் படத்தைக் காட்டுவதைவிட இது நெருக்கமானது.

நம் மாநிலத்திலும் இந்த நெருக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. சென்னையையும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களையும் சேர்த்து, இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை வீடு வீடாக விசாரித்து, ஆய்வாளர் கஜலட்சுமியின் குழு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்களுக்கு நான்கு மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. அதாவது பீடிக்கட்டை இடுப்பில் செருகியிருக்கும் நம் ஊர்ப் பெரியவரிடம் முதலில் பேச வேண்டியது இருமலைப் பற்றியும் காசத்தைப் பற்றியும். மேல்நாட்டில் எழுதிய செயலிக்கு இது தோன்றாது.

உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது இன்னொரு வகை. ஆலோசகர்கள் கேட்கும் கேள்விகளில் மிகவும் பயனுள்ளது ஒன்று: காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 'பல் தேய்க்கும் முன்னாலேயே' என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. மன உறுதியோடு மருந்தும் வேண்டியிருக்கும். 'ஆபீஸ் போய் டீ குடிக்கும்போதுதான்' என்றால் அந்த டீ நேரத்தை மாற்றுவதில் தொடங்கலாம். 2016இல் வெளியான, 16 நாடுகளில் 8,144 பேரிடம் நடந்த மருந்து ஆய்வில் எல்லோருக்கும் சுருக்கமான ஆலோசனையும் இருந்தது. அதில் தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேர், நிகோடின் பட்டையிலும் புப்ரோபியான் மாத்திரையிலும் தலா 16, வரெனிக்ளின் மாத்திரையில் 22. உடம்பு நிகோடினை எவ்வளவு வேகமாகக் கரைக்கிறது என்று ரத்தத்தில் பார்த்து மருந்தைத் தேர்வு செய்யலாமா என்றும் 2015இல் சோதித்தார்கள். வேகமாகக் கரைப்பவர்களுக்குப் பட்டையைவிட வரெனிக்ளின் நன்றாக வேலை செய்தது. மெதுவாகக் கரைப்பவர்களுக்குப் பட்டையே போதும், பக்கவிளைவும் குறைவு. இந்தச் சோதனை நம் ஊர் மருத்துவமனை வாசலுக்கு இன்னும் வரவில்லை. மருந்து மட்டும் வந்துவிட்டது. ஆனால் எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய்போல மென்று துப்பிவிட்டு 'ஒண்ணும் ஆகல' என்பவர்கள் நிறைய. அதைச் சில முறை மென்று, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைத்து, மறுபடி மெல்ல வேண்டும். இதைச் சொல்லித்தரவும் ஓர் ஆள் தேவை.

காசு கொடுத்தால் விடுவார்களா என்றும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வு அது. ஒரு கூட்டத்துக்கு, விட்டால் 800 டாலர் பரிசு. இன்னொரு கூட்டம் தன் பணத்தில் 150 டாலர் கட்ட வேண்டும். விட்டால் அதுவும் திரும்ப வரும், மேலே 650 டாலரும் வரும். விடாவிட்டால் கட்டியது போச்சு. சொந்தப் பணம் போகிறதே என்ற பயம் கடுமையாக வேலை செய்தது. கட்டியவர்களில் பாதிக்கு மேல் ஆறு மாதத்தில் விட்டிருந்தார்கள். ஆனால் கட்டச் சம்மதித்தவர்களே நூற்றுக்கு 14 பேர்தான். பரிசுத் திட்டத்துக்குத் தலையாட்டியவர்கள் 90 பேர். மொத்தக் கூட்டத்தையும் கணக்கில் எடுத்தால் பரிசுத் திட்டத்தில் 16 சதவீதமும் பணம் கட்டும் திட்டத்தில் 10 சதவீதமும் விட்டார்கள். ஒருவர் ஏற்றுக்கொள்ளாத திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தும் என்ன பயன்? அளவெடுத்துத் தைத்த சட்டையானாலும் போட்டுக்கொள்ள மனசு வர வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மாணவிக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்.

அம்மா, சந்தா கட்ட அவசரப்பட வேண்டாம். அப்பாவின் சிகரெட் பெட்டியை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து அதில் ஓர் எண் அச்சிடப்படுகிறது: 1800-11-2356. கட்டணம் இல்லாத தேசிய உதவி எண் அது. 2016இல் டெல்லியில் தொடங்கிய சேவை, பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களுக்கு விரிந்தது; தென்னிந்திய மொழிகளில் பேச அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், தமிழிலும் பேசலாம். விடும் நாளை அப்பாவே குறிப்பார். அதன் பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். சென்னைக்கு வந்துபோகிறவர் என்றால், அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் போகலாம்; 2002இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட 13 புகையிலை நிறுத்த மையங்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழுவாக ஆலோசனை கொடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. இரண்டு மாத முடிவில், ஆலோசனை பெற்ற ஆண்களில் விட்டவர்கள், பெறாதவர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. லாரி ஷெட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் தொடங்க முடியுமா என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

செயலியே கூடாதென்று சொல்லவில்லை. அதைக் கேள்வி கேட்டு எடுங்கள். தமிழில் பேசுகிறதா? ராத்திரி ஓட்டுகிறவர் என்று சொன்னால் நேரத்தை மாற்றிக்கொள்கிறதா? ஆசை கிளம்பும் அந்த நிமிடத்தில் பதில் தருகிறதா? நடுவில் ஒருமுறை தவறினால் முதலிலிருந்து எண்ணச் சொல்லி வெறுப்பேற்றுகிறதா, தொடரச் சொல்கிறதா? பெயரைச் சரியாக எழுதுவது இதில் கடைசி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விட்ட முதல் வாரம்தான் மோசம். எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாட்டில் குறை சொல்வது எல்லாம் வரும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதுவரை பாக்கெட்டைத் தடவிச் சோதிக்காதீர்கள். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள், நாளைக்கும் கேளுங்கள். 'இத்தனை வயசுக்கு மேல எதுக்கு' என்ற பேச்சுக்குப் பதில், ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு கவனித்து 2004இல் வெளியிட்ட கணக்கில் இருக்கிறது. 50 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய 6 ஆண்டு ஆயுள் மிச்சம். 60 வயதில் விட்டாலும் 3 ஆண்டு.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தன்னைப்போன்ற ஒருவரின் கதை நன்றாக வேலை செய்தது என்று மிச்சிகனில் பார்த்தோம். அவர்களுக்குக் கற்பனையாக எழுத வேண்டியிருந்தது. நம் வாசகர்களிடம் உண்மைக் கதைகளே இருக்கும். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை, எதை விட்டிருந்தாலும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். என்ன தொழில், எத்தனை வருடப் பழக்கம், எத்தனையாவது முயற்சியில் விட்டீர்கள், முதல் மூன்று நாளை எப்படித் தள்ளினீர்கள், யார் கூட நின்றார்கள் என்பது போதும். லாரி ஓட்டுகிறவர் எழுதியது லாரி ஓட்டுகிறவருக்குப் போய்ச் சேரட்டும். தறிக்காரர் எழுதியது தறிக்காரருக்கு, ஆசிரியர் எழுதியது ஆசிரியருக்கு. அடுத்த இதழிலிருந்து மாதம் இரண்டு கதைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். முயன்று இன்னும் முடியாதவர்களும் எழுதலாம். அவர்களுக்கு நாங்கள் பதில் போடுவோம்; ஒரு மாதம் கழித்து மறுபடியும் கடிதம் எழுதி விசாரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்